கடைசி இடத்துக்கு முதல் பந்தி

அமெரிக்காவில் ஏதோ ஓர் அணி விளையாட்டில் தோற்றுக்கொண்டே போனால் ரங்கூனில் என் தங்கச்சியின் வாழ்க்கை பாழாகிவிடும் என்று நான் இரண்டு மாதம் நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள். நேற்றுத் துணிப்பெட்டியைக் கிளறியபோது அந்த அணியின் பனியன் அகப்பட்டது. அந்துருண்டை வாசனையோடு என் மானமும் சேர்ந்து வெளியே வந்தது.

பனியனை அனுப்பியவன் மணி. தங்கச்சி வள்ளியின் புருஷன். அலோன் துறைமுகத்தில் என்னோடு சரக்கு இறக்கியவன், மலேசியா போய், அங்கிருந்து அகதி மனுவில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். அந்த அணியின் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் இருக்கைகளுக்கு அடியில் கூட்டிப் பெருக்கும் வேலை. வள்ளியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தான். நிலையான வேலை இருப்பதாகக் காட்டினால்தான் அந்த மனு நகரும். ஆக, என் தங்கச்சியின் எதிர்காலம் ஒரு துடைப்பத்தின் மேல் நின்றது.

அவன் கூட்டி முடிக்கும் ஞாயிறு ராத்திரி நமக்குத் திங்கள் காலை. வீட்டில் கரண்டு இருக்காது. க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் காதர் பாயின் டீக்கடையில் ஜெனரேட்டர் ஓடும். நானும் வள்ளியும் அங்கே போய், பால் தூக்கலான லபெயே டீ ஆளுக்கொரு கோப்பை வைத்துக்கொண்டு போனுக்குக் காத்திருப்போம். ஜெனரேட்டரின் டீசல் புகை இன்றைக்கும் எங்கே அடித்தாலும் எனக்கு மணியின் குரல் கேட்கிறது. “இன்னைக்கும் போச்சு மச்சான்” என்பான்.

எட்டாவது தோல்வியன்று கொஞ்சம் இழுத்தாற்போல் சொன்னான்: “கடைசி எடத்துக்கு வந்துட்டா எல்லாத்தையும் மாத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்க.”

காதர் பாய்க்கு இங்கிலீஷ் கால்பந்து என்றால் வேதம். மணியின் அணி ஆடுவதும் கால்பந்துதான் என்றதும் கல்லாவிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். “கடைசி மூணு டீமக் கீழ ரெண்டாந்தரப் போட்டிக்கு எறக்கிருவாங்க தம்பி. கீழ போன டீமுக்கு அவ்வளவு பெரிய மைதானம் எதுக்கு? கூட்டமே வராத எடத்துல கூட்டுறவன் எதுக்கு?”

எவ்வளவு கச்சிதமான தர்க்கம் பாருங்கள். அன்றைக்கே காளியம்மன் கோவிலுக்குப் போய், இவர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். காலையில் மொஹிங்கா நூடுல்ஸ் இல்லாமல் கண் திறக்காதவன், அதன் மீன் குழம்பு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு விரதம் இருந்தேன். தொண்ணூறு கிலோ உடம்பு நெருப்பில் இறங்கினால் பாதத்துக்கு என்ன ஆகும் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு என் பாடு சொல்லி மாளாது. அணி தோற்றால் தங்கச்சிக்கு ஆபத்து. ஜெயித்தால் எனக்கு. கடைசி ஆட்டம் மட்டும் நமக்குக் காலையில் வந்தது. போனில் பார்த்தோம். கால்பந்து என்று பேர், பந்தோ கக்கத்தில்! நாலடி ஓடுவார்கள், பத்துப் பேர் மேலே விழுவார்கள், பிறகு எழுந்து பஞ்சாயத்துக் கூடுவார்கள். மூட்டை சரிந்தால்கூட நாங்கள் துறைமுகத்தில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஆட்டம் முடிய அரை நிமிடம், நம் அணி முன்னால் இருந்தது. எனக்கு உள்ளங்கால் எரிய ஆரம்பித்துவிட்டது. காலைத் தூக்கி பெஞ்சுமேல் வைத்துக்கொண்டேன். எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு ஓடினான். நம் ஆட்கள் நால்வர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழ, அவன் கோட்டைத் தாண்டினான். முடிந்தது. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

வள்ளி என் காலைப் பார்த்தாள். “அண்ணே, உண்மையச் சொல்லு. இப்ப உனக்கு வருத்தமா, நிம்மதியா?”

நான் காலை மெல்லக் கீழே இறக்கினேன். அவள் முகமும் சரியில்லை. கட்டி வைத்த பெட்டியை அவிழ்க்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

மணி அழைத்தான். வேலை போய்விட்டதா என்றேன். எதுக்குப் போகணும் என்றான். அணியைக் கீழே இறக்குவதைப் பற்றிக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். “எறக்குறதெல்லாம் இங்க கெடையாது மச்சான். காலேஜ்லேருந்து புதுசா வர்ற பசங்கள்ல நல்லவனா பாத்து மொதல்ல எடுத்துக்கற உரிமை, கடைசியா வந்த டீமுக்குத்தான்.”

நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்? இன்சீன் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நானும்தான் கடைசி. எனக்குக் கிடைத்தது பிரம்பு. பந்திக்கு முந்து என்றுதானே நம் ஆட்கள் சொல்லி வைத்தார்கள்? கடைசியாக வந்தவனுக்கு முதல் இலை போட்டுப் பாயசம் ஊற்றும் கல்யாணத்தை எங்கேயாவது பார்த்ததுண்டா? இந்தப் பாயசத்துக்காகவா நான் இரண்டு மாதம் மீன் தொடாமல் கிடந்தேன்? இந்த ஒரு சங்கதியை அந்தப் பாவி முதல் தோல்வியன்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கேட்டால், “நீ கேக்கவே இல்லியே மச்சான்” என்கிறான். காதர் பாய்க்கு என்னைவிடக் கோபம். தோற்றவனைத் தண்டிக்காத ஆட்டம் ஆட்டமே இல்லை என்று ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பொருமினார். அந்த வாரம் டீயில் சீனிகூடக் குறைவு.

அங்கே வேலை போனது பயிற்சியாளர் ஒருவருக்கு மட்டும். மணி அதே இருக்கைகளைத்தான் இன்னும் கூட்டுகிறான். அடுத்த மழைக்காலத்தில் வள்ளியின் மனு பாஸாகி அவளும் போய்விட்டாள். டீசல் கட்டுப்படியாகாமல் காதர் பாய் கடையை மூடினார். திங்கட்கிழமை காலையில் இப்போது எனக்கு யாரும் போன் செய்வதில்லை. மணி வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறான். தோல்வியைச் சொல்ல அங்கேயே ஆள் இருக்கிறது.