காப்பிச் செடிக்கு நான் அடித்த மொட்டை

பண்ணைக்காட்டில் காலையில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்து சேர்ந்த மறுநாள், விடிவதற்கு முன்பே எழுந்து பல் விளக்கி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு குடிசை வாசலில் விறைப்பாக நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் கூடையை இடுக்கிக்கொண்டு தன்பாட்டுக்குப் போனார். மேல்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு இறங்கிப் போனார். பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இன்ன மலைக்குப் போ என்று விரல் நீட்டவும் ஆள் இல்லை. கூடைக்கார அம்மாள் திரும்பி வரும்போதும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் பெயர் பேச்சியம்மா என்பது பிறகு தெரிந்தது.

"என்னண்ணே, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?"

"இல்லைங்க, பெரட்டுக்கு நிக்கிறேன்."

பேச்சியம்மா சற்று யோசித்தார். "அந்த ஊருக்கு இங்கன இருந்து பஸ் கெடையாதுண்ணே. வத்தலக்குண்டு போயி மாறணும்."

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் லயத்து வரிசை அறைகளில் இருக்கிற என் சனங்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் தினமும் விடியற்காலையில் தப்பு அடிப்பார்கள். எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்போம். பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. நான் அங்கே சில்லறைக் கங்காணி. துரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார், கணக்கப்பிள்ளை எனக்குச் சொல்வார், நான் முப்பது பேருக்குச் சத்தம் போட்டுச் சொல்வேன். பதினெட்டு வருடம் இப்படிச் சத்தம் போட்டதில், உத்தரவெல்லாம் என் வயிற்றிலிருந்தே ஊறி வருகிறது என்று நம்பிவிட்டேன். நான் வெறும் குழாய், ஊற்று மேலே துரை பங்களாவில் இருந்தது என்பது, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேற்றி இங்கே அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. குழாயை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து பழனி மலையில் நட்டு வைத்தால் தண்ணீர் வருமா?

எங்களுக்கு இடம் கொடுத்தவர் பெருமாள்சாமி, வத்தலக்குண்டில் மண்டி வைத்திருப்பவர். காப்பியும் ஊடே மிளகுமாக ஒரு தோட்டம், அதன் ஓரத்தில் ஒரு குடிசை. தேயிலையில் வேலை பார்த்தவன் செடி கொடி தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று நம்பிவிட்டார், பாவம். சாவியைக் கையில் கொடுத்தபோது, "என்ன வேலைங்க தொரை?" என்று கேட்டேன்.

"தொரையா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "தோட்டத்தப் பாத்தாத் தெரியாதா? என்ன சோலி கெடக்கோ நீங்களே பாத்துச் செய்யுங்க. சித்திரையில பூ எடுக்கிற வரைக்கும் பாப்போம். சரிப்பட்டா இருங்க, இல்லாட்டி வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்காங்க." சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்போது மாசி மாதம்.

நான் பார்த்தேன். நான்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோட்டத்தை மேலிருந்து பார்த்தேன், கீழிருந்து பார்த்தேன். இந்த இடம் போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அங்கே எங்கள் லயத்து அறையில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியாயிற்று. என் மனைவி லெச்சுமி மூன்றாம் நாளே தண்ணீர் எடுக்கும் இடம், சந்தை நாள், எந்த விறகு புகையாது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுவிட்டாள். அவள் அங்கே கொழுந்து பறித்தவள். நான் அவளுக்கு உத்தரவு போட்டவன்.

ஐந்தாம் நாள் எனக்கு ரோஷம் வந்தது. "இன்னிக்குக் கவ்வாத்து" என்று எனக்கு நானே உத்தரவு போட்டேன். கவ்வாத்து என்றால் தேயிலையை வெட்டிச் சீராக்குவது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, மேசை மாதிரி மட்டமாக. கத்தியைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன். ஆளுயரம் நின்ற காப்பிச் செடி ஒரு வரிசை, இருபத்தோரு செடி, மத்தியானத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மூங்கிலைக் கிடத்தி மட்டம் பார்த்தேன். ஒரு செடிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. துரை பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

பேச்சியம்மாதான் வந்து பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். "ஏண்ணே, பழனிக்கு எதுவும் நேந்துக்கிட்டீங்களா?"

"இல்லையே."

"பெறகு எதுக்குக் காப்பிச் செடிக்கு மொட்டை அடிச்சிருக்கீங்க?"

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்டிப்போட்ட கிளைகளில் நல்லதாக நாலைந்து பொறுக்கி, வாழைநாரால் பழையபடி கட்டப் பார்த்தேன். இரண்டு செடி கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் செடி மாதிரியே இருந்தது, காற்று அடிக்காத வரைக்கும். பிறகு குடிசைக்கு ஓடி டிரங்குப் பெட்டியை இழுத்துச் சட்டைகளைத் திணித்தேன். லெச்சுமி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறதா உத்தேசம்?"

"மண்டிக்காரரு வாறதுக்கு முன்னுக்குப் போயிறணும்."

"எங்கன்னு கேட்டேன்."

எங்கே போவது என்பதையும் யாராவது சொல்லுவார்கள் என்றுதான் இருந்தேன் போல. அவள் என் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாள். "வெட்டுனது வெட்டுனதுதான். மிச்சம் கெடக்குற செடிய எப்பிடி வெட்டுறதுன்னு அந்த அக்காகிட்ட கேளுங்க. கங்காணி வாயி கேக்கக் கூசுதுன்னா நான் கேக்குறேன்."

நானே கேட்டேன். மறுநாள் வெள்ளனே பேச்சியம்மா வந்து காட்டினார். காப்பிக்கு மட்டம் பார்க்கக் கூடாது. பட்டுப்போன குச்சியை எடுக்க வேண்டும், நடுவில் நெட்டுக்குத்தாகக் கிளம்புவதை ஒடிக்க வேண்டும். "செடிக்குள்ள ஒரு குருவி இந்தப் பக்கம் நொழஞ்சு அந்தப் பக்கம் போகணும், அம்புட்டுத்தான்" என்றார். குருவியை மனதில் வைத்து ஒன்பது நாள் வெட்டினேன். பத்தாம் நாள், யாரும் அனுப்பாமல், வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பஸ்தான் திரும்பியது, நான் திரும்பவில்லை.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், வாழைநார் உள்பட. பெருமாள்சாமி அன்றைக்கே என்னோடு மலையேறி வந்தார். மொட்டை வரிசையில் ஒரு கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"துளுத்துரும். ஆனா ரெண்டு வருசத்துக்குக் காய் கெடையாது" என்றார். பிறகு மற்ற வரிசைகளுக்குள் குனிந்து பார்த்தார். "இது யாரு சொல்லிச் செஞ்சது?"

"யாரும் சொல்லலீங்க. பயம்தாங்க சொல்லுச்சு."

சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "பூ வரட்டும், பாப்போம்."

சித்திரையில் இரண்டு மழை பெய்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் கதவைத் திறந்தேன். தோட்டம் முழுக்க வெள்ளை. கிளைக்குக் கிளை மல்லிகைச் சரம் சுற்றியது மாதிரி பூ, மூச்சு முட்டுகிற வாசனை. எனக்குத் தெரிந்தது தேயிலைக் கணக்குத்தான். தேயிலை பூத்தால் அது கவனிப்பாரற்றுப் போன மலை என்று அர்த்தம். கங்காணியின் சீட்டு அன்றைக்கே கிழிந்துவிடும். கண்ணுக்கு முன்னால் அத்தனை அழகு இருக்க, நான் "லெச்சுமி, மாட்டிக்கிட்டோம்" என்று கத்தினேன். அவள் வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பூவைக் கிள்ளி என் காதில் வைத்துவிட்டுப் போனாள்.

பெருமாள்சாமி பத்து மணிப் பஸ்ஸில் வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். போகும்போது குடிசையை அண்ணாந்து பார்த்து, "ஆடிக்குள்ள கூரைய மாத்திருங்க. ஒழுகுனா புள்ளகுட்டிக்குச் சளி பிடிக்கும்" என்றார். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆனால் ஆடிக்குள் கூரை மாற்றச் சொன்னால், ஆடியிலும் நாங்கள் இங்கேதான். எனக்கு அப்போது வந்த மூச்சு, கப்பல் ஏறிய நாளிலிருந்து நெஞ்சில் நின்றுகொண்டிருந்த மூச்சு.

அந்தச் சந்தோஷத்தில், இலங்கையில் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கங்காணியாக இருக்கிற என் மச்சானுக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன். "இங்கே தோட்டம் முழுக்கப் பூத்துவிட்டது" என்று ஒரே வரிதான். சந்தோஷத்தில் அதற்கு மேல் கை ஓடவில்லை. போன வாரம் பதில் வந்தது. "மனசைத் தளர விடாதே. எல்லா மனுசனுக்கும் வாறதுதான். தொரைக்குத் தெரியுமுன்னம் நல்லாக் கவ்வாத்துப் பண்ணிவிடு" என்று எழுதி, லெச்சுமியைத் தைரியமாக இருக்கச் சொல்லியிருந்தான். அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, அவன் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை, அங்கே இருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன் என்பது எனக்குத்தான் முதலில் உறைத்தது. பூ என்றால் இங்கே நல்ல சேதி என்று பதில் எழுத எடுத்த காகிதம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.