காக்கா விரட்ட வைத்த குடை

சுங்குவார்சத்திரத்திலிருந்து உங்கள் சகோதரன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். கோடை தொடங்கும்போது நம் சபையில் நின்று நான் சொன்ன சாட்சியில் பாதி பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. மெஷின் பொருத்துவதற்காக வளைகுடாப் பக்கம் ஒரு நாட்டுக்கு இரண்டு மாதம் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் அங்கே சண்டை மூண்டது. வானத்தில் ட்ரோன் வரும். முதலில் ஒரு இரைச்சல், பிறகு வெடிச் சத்தம். விமானங்கள் நின்றுபோயின. ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் ஆறு பேர் பதினோரு நாள் கிடந்தோம். உயிரோடு வீடு சேர்த்தால் சபையில் சாட்சி சொல்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். ஆண்டவர் சேர்த்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

வந்த முதல் ஞாயிறே சொல்லிவிட்டேன். எதிலும் எனக்கு அவசரம். "பயத்தையெல்லாம் அங்கியே வுட்டுட்டு வந்துட்டேன்" என்று மைக்கில் சொன்னதும் எல்லோரும் கைதட்டினீர்கள்.

ஆனால் பயமும் என்னோடு அதே விமானத்தில் வந்து இறங்கியிருந்தது. திறந்த வானத்தின் கீழே என்னால் நிற்க முடியவில்லை. கடைகளின் ஓரமாகவே நடந்தேன். கம்பெனி பஸ் வரும்வரை டீக்கடைக்குள்ளேயே நின்றேன். "இன்னாண்ணே, ஃபாரின் போய்ட்டு வந்து நம்மூர் வெயில் ஒத்துக்கலியா?" என்று டீ மாஸ்டர் கிண்டல் பண்ணினார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஊரே நிழல் தேடி ஓடுகிற காலம். கோடை எனக்கு நல்ல சாக்காகிவிட்டது.

வீட்டில் அந்தச் சாக்கு செல்லவில்லை. வருஷா வருஷம் மே மாதத்தில் என் மனைவி எஸ்தர் மொட்டை மாடியில் கூழ் வத்தல் போடுவாள். வார லீவில் காக்கா விரட்டுவது என் வேலை. இந்த வருஷம் தலைவலி, முதுகுவலி என்று கீழேயே இருந்துகொண்டேன். அவள் தனியாக வெயிலில் காய்ந்து, முகம் கறுத்து இறங்கி வருவாள். வந்ததும் என் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அது இன்னும் சுட்டது.

அப்போதுதான் பாஸ்டர் போன் பண்ணினார். "பிரதர், கோடைக் கூட்டத்துல அந்த சாட்சிய இன்னொரு வாட்டி சொல்லணும்." சரி என்றேன். போனை வைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் சொன்னத நெஜமாக்குங்க. இல்லன்னா பொய்யின்னு ஒத்துக்கத் தைரியம் குடுங்க" என்று அழுதேன்.

தைரியம்தான் முதலில் வந்தது. அன்று மத்தியானமே எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க?" என்றாள். மாடிக்குப் போய், காக்கா பயப்பட வத்தல் பக்கத்தில் விரித்து வைத்திருந்த பழைய கறுப்புக் குடையை எடுத்து வந்தாள். "இத்த புடிச்சிக்கினு வாங்க. மேல பாக்க வாணாம்."

குடைக்குள்ளே இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முதல் நாள் ஐந்து நிமிடம் தாங்கினேன். சட்டை வியர்வையில் நனைந்து கீழே ஓடினேன். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மறுபடி ஏறினோம். தினமும் அவள் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குடையை விரிப்பாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு லீவு நாள் காலை, பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்றுகொண்டு உப்பு கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காக்கா ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தது. விரட்டக் குடையைத் தேடினால் கையில் இல்லை.

"கொட எங்க?"

"அங்க கீது பாருங்க. நீங்கதான காக்கா வருதுன்னு கொண்டு போய் வச்சீங்க. அர மணி நேரம் ஆவுது."

குடை வத்தல் ஓரத்தில் விரிந்து நின்றது. என் தலைக்கு மேலே ஒன்றுமில்லை. மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். வெளுத்துப்போன நம்மூர் வானம். ஒரு விமானம் மீனம்பாக்கம் பக்கம் இரைந்துகொண்டு போனது. எழுந்து ஓடவில்லை. அது மறையும்வரை உட்கார்ந்தே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று இந்த முறை சொல்லவில்லை.

கோடைக் கூட்டத்தில் இதையேதான் சொன்னேன்; அன்று வர முடியாதவர்களுக்காக இப்போது எழுதுகிறேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்து மூன்று பேர் தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பயம் முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. சில நாள் குடை வேண்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன். ஊருக்கு வந்தும் வீடு வந்து சேராத மாதிரி உங்களில் யாராவது இருந்தால் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் எங்கள் மாடிக்கு வாருங்கள். அந்தக் குடைக்குள் நெருக்கி மூன்று பேர் உட்காரலாம்.