நாலு பட்டையிலிருந்து இரண்டு பட்டைக்கு, ஆரணி வழியாக

காலை 5.40, கோயம்பேடு. ஆரணி வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தான் என்றார் நடத்துனர். அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் நீடித்தது. டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகச் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். நான் அதுவரை ஓட்டிய விமானத்துக்கு அது இருபது நிமிஷ வேலை. ஆனால் அந்த விமானம் என்னுடையதும் இல்லை, ஆரணியில் இறங்க ஓடுதளமும் இல்லை. 2006, பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம். வண்டியில் நிற்க இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம் என்ற நிலையில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

பக்கத்தில் பெரணமல்லூர்க்காரர் ஒருவர் மடியில் ஒரு மோட்டார் பம்பின் உறுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூவிருந்தவல்லி தாண்டுவதற்குள் என் பெயர், வயது, கல்யாண விவரம் எல்லாம் வாங்கிவிட்டார்.

"இன்னா சார் வேலை?"

"ப்ளேன் ஓட்டறேங்க."

அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். "அப்புறம் இன்னாத்துக்கு சார் பஸ்ல பேஜார் பட்டுகினு வர்றீங்க? அதுலயே ஜல்தியா போயிருக்கலாமே."

பின் இருக்கையில் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஆரணில யாரு இருக்காங்க?"

"அண்ணன். பட்டு நெசவு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட்டவர் யார் என்றே தெரியாத இடத்தில் அண்ணன் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

8.10, காஞ்சிபுரம். டீ மூன்று ரூபாய், வடை இரண்டு ரூபாய். வண்டி இங்கே இருபது நிமிஷம் நிற்கும். அதற்குள் நான் ஏன் ஆரணிக்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷம் நான் வாடகை விமானம் ஓட்டினேன். எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். தொழிலதிபர்கள், பெரிய கடைக்காரர்கள், தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள். தோளில் நாலு தங்கப் பட்டை. நாலு பட்டை என்றால் கேப்டன். ஊரில் எல்லோருக்கும் அந்தப் பட்டைதான் தெரியும். ஐஸ் கட்டி வாங்குவதும், பெட்டிகளைத் தூக்கிக் கட்டுவதும், சீட்டில் சிந்திய சாம்பாரைத் துடைப்பதும், கல்யாண வீட்டு வாசலில் டிரைவர்களோடு உட்கார்ந்து முதலாளி வரும்வரை காத்திருப்பதும் அதே நாலு பட்டையோடுதான் என்பது தெரியாது. நானும் சொன்னதில்லை.

2004இல் ஒரு நாள், பெரிய ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் கோயம்புத்தூரில் மகள் நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் விமானத்தை எடுத்திருந்தார். நிச்சயப் புடவை அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்து வருகிறது, விமான நிலைய வாசலில் ஒரு ஆள் கொண்டுவந்து கொடுப்பான், வாங்கி வா என்று போனில் சொன்னார். வாங்கி வருவதும் என் வேலைதான். போனேன். வாசலில் காரிலிருந்து முதலாளி இறங்கிக்கொண்டிருக்க, கம்பிக்கு அந்தப் பக்கம் பொட்டலத்தோடு நின்றது என் அண்ணன் ஏகாம்பரம்.

அப்பா இறந்தபின் தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தவர். நான் காக்பிட்டில் உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் தறிக்குழியில் உட்கார்ந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "டேய்" என்று ஆரம்பித்தார்.

முதலாளி திரும்பி, "தெரிஞ்சவரா?" என்றார்.

"எங்க ஊர்க்காரர் சார்" என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் பொய் என்றாவது ஆகியிருக்கும். இது பொய்கூட இல்லை. அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, ஊர்க்காருதான்" என்று முதலாளியிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் மங்கலப் புடவையின் முனையில் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள். கொடுப்பவரும் இரண்டு கை, வாங்குபவரும் இரண்டு கை. அவர் இரண்டு கையால் நீட்டினார். நான் பெட்டி வாங்குவது போல ஒரு கையால் வாங்கினேன். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அந்த வலது கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருஷம் ஊருக்குப் போகவில்லை. போனில் பேசினால் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கமாட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அப்புறம் சின்ன ஊர்களை இணைக்கும் ஒரு புதிய விமானக் கம்பெனி ஆள் எடுத்தது. ஐம்பது இருக்கை, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். ஆனால் அங்கே நான் துணை விமானி, இரண்டே பட்டை. என்னைவிட ஏழு வயது இளைய கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏன் வருகிறீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்கள். நிரந்தர வேலை, ஒழுங்கான நேரம் என்றேன். டிக்கெட் எடுத்தவன் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொள்ளும் விமானம் ஓட்ட வேண்டும், ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து வாழக்கூடாது என்பதுதான் உண்மை. அதை எந்த நேர்காணலிலும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். அதற்குள் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். வேலை மாறிய செய்தி ஒரு சாக்கு.

9.05, செய்யாறு. பெரணமல்லூர்க்காரர் இறங்கினார். "அண்ணனுக்கு இன்னா வாங்கினு போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் எதுவும் வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு ஆப்பிள் வாங்கினேன்.

10.20, ஆரணி. நெல் அவிக்கும் வாசனை ஊருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அரிசி ஆலைகள் பொங்கலுக்குப் பிறகு மும்முரமாக ஓடும். பேருந்து நிலையத்திலிருந்து கொசப்பாளையத்துக்கு ஆட்டோ பதினைந்து ரூபாய். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஆட்டோக்காரர் அதற்கு மேல் குரல் கொடுத்துத்தான் சில்லறை கேட்டார்.

அண்ணன் தறியில் இருந்தார். "வா. ஒக்காரு. இந்தப் பூ முடியட்டும்" என்றார். பாதிப் பூவில் எழுந்தால் கை மாறிவிடும், பூவில் அது தெரியும் என்பார். பத்து நிமிஷம் நான் நின்றேன். அந்தப் பத்து நிமிஷமும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து கை கழுவியதும், எல்லாம் மறந்து, வேலை மாறியதைச் சொன்னேன்.

"அப்ப தோள்ல எத்தினி பட்டை?"

"ரெண்டு."

"அன்னிக்கு நாலு இருந்துச்சே." துண்டில் கையைத் துடைத்தபடி சொன்னார். "எடது தோள்ல மூணாவது பட்டைல ஜரிகை பிரிஞ்சி தொங்கிகினு இருந்துச்சி. தெச்சிக்க சொல்லலாம்னு நெனச்சேன். அந்த நேரத்துல எப்டி சொல்றது."

அன்று பொட்டலத்தை நீட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சரி, இப்போதே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் குமாரி அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார்.

11.15. கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். எதிர் வீட்டு அம்மா என்னைப் பார்க்க வந்து கதவோரம் உட்கார்ந்தார். அண்ணிக்கு அது போதும்.

"இந்தத் தம்பிதான்க்கா. இவரு புடவ எடுத்துகினு ஏர்போர்ட் போனாரே அன்னிக்கி, வாசல்ல ஓடியாந்து கையப் புடிச்சி உள்ள இட்டுகினு போச்சாம். 'இவரு எங்க அண்ணன், இவரு நெஞ்ச புடவைதான் உங்க பொண்ணு கட்டப் போறது'ன்னு மொதலாளி கிட்டயே சொல்லிச்சாம். அவரு எழுந்து நின்னு கும்பிட்டாராம். காப்பிகூட குட்த்தாங்களாம். அப்டிதானே தம்பி?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காது வரை சிவந்திருந்தது.

இரண்டு வழி இருந்தது. இல்லை அண்ணி என்றால் நான் யோக்கியன் ஆவேன், அண்ணன் எதிர் வீட்டு அம்மாள் முன்னால் பொய்யர் ஆவார். ஆமாம் என்றால் இன்னொரு முறை நான் தப்பித்துக்கொள்வேன்.

"ஆமா அண்ணி" என்றேன்.

"பாத்தீங்களா" என்று அண்ணி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அந்தக் குழம்பை எப்படிச் சாப்பிட்டு முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. வாசலில் நின்ற அந்த நாளில்கூட.

4.15, பேருந்து நிலையம். அண்ணன் வழியனுப்ப வந்தார். ஆற்காடு வழி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. இனி நேரமில்லை.

"அண்ணே, அன்னிக்கி நான் பண்ணது மன்னிக்கவே கூடாதது. நீ எதுக்குண்ணே அண்ணிகிட்ட அப்டி சொன்ன? நான் இன்னிக்கே போன் பண்ணி உண்மைய சொல்லிடறேன்."

அவர் வண்டியின் பலகையைப் படிப்பது போல் நின்றார்.

"வீட்டுக்குப் போனதும் ஒங்க அண்ணி கேட்டா, புடவைய யாரு வந்து வாங்கினாங்கன்னு. தம்பின்னேன். பாத்ததும் இன்னா சொன்னான்னு கேட்டா. அதுக்கு இன்னா சொல்றது? ஒண்ண சொன்னேன். அவ மேல மேல கேட்டுகினே போனா, நானும் சொல்லிகினே போனேன்." தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டு வருஷமா சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே பாதி நடந்த மாரிதான்டா இருக்குது. உட்டுடு. கலைக்காத."

நடத்துனர் விசில் அடித்தார். நான் ஏறினேன். உட்கார இடம் இல்லை. ஆற்காடு வரை இருபத்தேழு கிலோமீட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகிற ஆள் நிற்பதற்கு நெரிசலான பேருந்தைவிட நல்ல இடம் இல்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு இந்த மூன்று வருஷமாக இரண்டு பட்டையோடு சின்ன ஊர்களுக்குப் பறக்கிறேன். கல்யாணக் கூட்டம், வைத்தியத்துக்குப் போகிறவர்கள், முதல் முறை ஏறிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள். ஒருவரும் என்னை ஐஸ் வாங்கி வரச் சொல்வதில்லை. நல்ல வேலை. ஆனால் அண்ணன் கலைக்காதே என்று சொன்ன அந்தக் கதைக்குள் இருக்கும் தம்பியாக நான் இன்னும் ஆகவில்லை.

குமாரி அண்ணி இந்தப் பத்திரிகையை விடாமல் வாங்குகிறவர். இதைப் படித்தால் அண்ணன் சொன்னது கதை என்று தெரிந்துவிடும். அண்ணி, காப்பி கொடுக்கவில்லை. யாரும் எழுந்து நின்று கும்பிடவில்லை. நான் ஊர்க்காரர் என்றுதான் சொன்னேன். அண்ணன் என்மேல் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், அந்த வாசலிலேயே அவர் கோபித்திருக்க வேண்டும்.