சென்டி சொன்ன அளவுகள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பேய்க்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அணையின் கட்டுப்பாட்டு அறையில் கணக்குப் பார்ப்பவன் நான். மழையளவு, நீர்வரத்து எல்லாவற்றையும் கணினியில் கொடுத்தால், எந்த மதகை எப்போது திறக்க வேண்டும் என்று எங்கள் மாடல் சொல்லும். ஆற்றின் மேல்பக்கத்தில் ஓர் அளவுக்கம்பம். பக்கத்துக் குடிசையில் ஒருவர் இருந்து, நீர்மட்டம் பார்த்து போனில் சொல்வார். சென்டிமீட்டர் பிசகாது என்பதால் அவர் பெயரே 'சென்டி'. ஒரே ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் தப்பாகச் சொன்னார். அன்றே மாடலுக்குள் ஒரு விதி எழுதினேன்: எதிர்பார்த்ததன் இரண்டு மடங்கைத் தாண்டினால் அவர் சொன்னதைத் தள்ளிவிடு. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்கள்.

அன்று பகல் 2.00. பேய்மழை. போன் அடித்தது.

"சார், நாலு மீட்டர் இருபது."

மாடல் எதிர்பார்த்தது ஒன்று தொண்ணூறு. தள்ளிவிட்டது. எனக்கு வேறொன்று உறுத்தியது. அவர் பக்கம் மழைச் சத்தமே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை இருமுகிற மனுஷன், இருமவும் இல்லை.

2.15.

"அஞ்சு பத்து."

திரையில் சிவப்புக் கோடு. மறுபடி தள்ளுபடி. பெரிய பொறியாளரைக் கூப்பிட்டேன்.

"மாடல் என்ன சொல்லுது?" என்றார்.

"ரெண்டு மீட்டர் சார்."

"அப்புறம் என்னய்யா? நீ எழுதின விதிதானே."

2.30.

"ஆறு நாப்பது... அக்காவ மேட்டுக்குப் போகச் சொல்லுங்க சார்."

என் அக்கா வீடு அணைக்குக் கீழே, ஆற்றோரத் தெருவில். சென்டியிடம் அதை நான் சொன்னதே இல்லை. அக்காவின் எண்ணைப் பாதி அழுத்தினேன்... வைத்துவிட்டேன். என் கணக்கை நானே நம்பாவிட்டால் எப்படி?

2.45. போன்.

குரல் இல்லை. தண்ணீருக்குள் குமிழி விடுகிற சத்தம் மட்டும்.

க்ளக்... க்ளக்...

3.05. அணை ததும்பியது. எல்லா மதகுகளையும் ஒரேயடியாகத் திறந்தோம். வேறு வழியில்லை.

மறுநாள் சென்டியின் உடல் கிடைத்தது. குடிசையோடு அவரை ஆறு அடித்துப் போனதை எதிர்க்கரையில் நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். மணி 1.20. இன்னொன்று, அந்தக் கம்பத்தில் ஆறு மீட்டருக்கு மேல் கோடே கிடையாது.

அக்கா கிடைத்தது மூன்றாம் நாள். வெளியூர் வேலையில் இருந்த அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டரைக்கு யாரோ போன் பண்ணி மேட்டுக்குப் போகச் சொன்னாங்களாம். என்கிட்ட கேட்டா. கிளம்புடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'என் தம்பி அங்கதானே இருக்கான், தண்ணி வந்தா அவன் சொல்லமாட்டானா'ன்னுட்டா."