ஒன்றுகூடச் சாகவில்லை

2006 ஆனியில் நான் எழுதிய குறிப்பு: ‘உப்புநீர் வரிசையில் வேம்பு கருகத் தொடங்கிவிட்டது.’

சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுனாமியில் கடல் ஏறிய மண்ணில் எந்த மரம் பிழைக்கும் என்று அறிய, ஒரு தொண்டு நிறுவனம் கன்றுகளுக்கு உப்புநீர் ஊற்றிப் பார்த்தது. அளந்து எழுதுவது என் வேலை. பக்கத்து நிலத்துக்காரர் தனம் அக்கா, முடிவைப் பார்த்துத் தன் ஒரே வயலில் மரம் வைக்கக் காத்திருந்தார்.

அடுத்த வாரம் போனால் வரிசை முழுக்கப் பச்சை. மேற்பார்வையாளர் பல்லை இளித்தார்.

“கடலூர்லேர்ந்து பெரிய ஆபீசருங்க வராங்க சார். காஞ்சதெல்லாம் புடுங்கிட்டு பண்ருட்டி நர்சரிலேர்ந்து புதுக் கன்னா வாங்கி வெச்சிட்டேன். ஒண்ணுகூட சாவல பாருங்க!”

“எது சாவுதுன்னு பாக்கத்தானய்யா உப்பே ஊத்தினோம்!”

“செத்த கன்னுக்கு எவன் சார் கைதட்டுவான்?”

வந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லா மரமும் உப்பைத் தாங்கும் என்று அறிவித்துவிட்டு காரில் ஏறினார்கள். கடலுக்குக்கூட இந்தக் கயமை இல்லை. தான் வந்துபோன தடத்தையாவது அது விட்டுவைத்தது.

“அப்ப நான் எத வெக்கிறது தம்பி?” என்றார் தனம் அக்கா.

“தெரியலக்கா” என்றேன். அன்று அந்த இடத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். பொய்யைவிட அந்த இளிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அக்காவின் வயலில் எந்த மரம் பிழைக்கும் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.