எதிரணிக்கு அனுப்பப்பட்ட ரசிகன்

போன வாரம் மகளுடைய மஞ்சள் ஸ்வெட்டர் மழையில் நனைந்துவிட்டது. அவள் அதைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போல மழையை ரசித்துக்கொண்டிருந்தேனே தவிர கொடியைப் பார்க்கவில்லை. பிறகு ஓடிப்போய் எடுத்துப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் விரித்தபோது அந்த வாசம் எழுந்தது. நனைந்த கம்பளிக்கென்று ஒரு வாசம் உண்டு, ஆட்டுப்பட்டியும் பழைய அலமாரியும் கலந்த மாதிரி. மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அரூரில் ஒரு மே மாதச் சாயங்காலமும், தண்ணீர் தெளித்த செம்மண் தரையும், அதில் உருண்ட மஞ்சள் பந்தும் நினைவுக்கு வந்துவிட்டன.

பூப்பந்து என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் இறகுப்பந்தைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. மஞ்சள் கம்பளி நூலை இறுகச் சுற்றிச் செய்த எலுமிச்சை அளவுப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மேலே திறந்த வானம். தரையில் விழவிடாமல் மட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்து லேசானது என்பதால் காற்றும் ஆறாவது ஆளாக வந்து சேர்ந்துகொள்ளும். அது எந்த அணிக்கு ஆடுகிறது என்று கடைசிவரை தெரியாது. பார்க்கிறவனுக்கு அதைவிட வேறென்ன சுகம் வேண்டும், சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. நல்லம்பள்ளியிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினேன். வேலையைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆபீஸ் முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போய்விடுவேன். ஆடுவதற்கு அல்ல. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே எனக்குக் குழப்பம் உண்டு. பார்ப்பதற்கு, கத்துவதற்கு, தொண்டை கட்டிக்கொண்டு மறுநாள் ஆபீசில் சைகையால் பேசுவதற்கு.

அரூர் அணியின் கேப்டன் ஷபீர் பாய். கடைத்தெருவில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். எந்நேரமும் மீசையில் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும், ஆட்டம் சூடு பிடித்தால் அது ஒவ்வொன்றாகப் பறக்கும். மற்ற நால்வரும் அதேபோலக் கடையும் பட்டறையும் வைத்துப் பிழைத்தவர்கள். அணியில் ஷூ வைத்திருந்தவர் ஒரே ஒருவர், அவரும் கடிக்கிறது என்று பாதி ஆட்டத்தில் கழற்றி எறிந்துவிடுவார். வருடா வருடம் மே மாதத்தில் ஊரிலேயே போட்டி நடக்கும். வெளியூர் அணிகள் வரும். நம்மவர்கள் ஃபைனல் வரை வீராதி வீரர்களாக வருவார்கள். ஃபைனலில் தோற்பார்கள். மூன்று வருடமாக இதே கதைதான்.

நான் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய சரோஜாக்கா இந்தக் கதையை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அக்காவுக்கு வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளர்களிடம் தமிழ், ஆட்டம் பார்க்கும்போது இரண்டும். மேட்ச் நாளில் மெஸ்ஸை மூடிவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவார். ஒரு மதியம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

“சார், நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்கக்கா.”

“நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தினி வருசம் ஆச்சுங்க?”

“மூணு.”

“நாம ஃபைனல்ல தோக்க ஆரம்பிச்சு?”

எனக்குப் புரிந்துவிட்டது. நான் வருவதற்கு முன்பு நம் அணி முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது, ஃபைனலைப் பார்த்ததே நான் வந்த பிறகுதான் என்று எடுத்துச் சொன்னேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. “போன வருசம் கிரிக்கெட்ல உலகக் கப்பு ஜெயிச்சப்ப நீங்க எங்கிருந்தீங்க?” என்றார். டைபாய்டில் சுருண்டு கிடந்தேன், ரேடியோ கேட்கவில்லை. “பாத்தீங்களா!” என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். அக்கா குழம்பு ஊற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இதில் ஒரு விஷயத்தை நான் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. எனக்குச் சிறுவயதிலிருந்தே அப்படி ஒரு புத்தி. எருது விடும் விழாவில்கூட கடைசியாக மூச்சிரைக்க வரும் எருதுக்குத்தான் கை தட்டுவேன். ஜெயிக்கிறவனுக்கு ஊரே இருக்கிறது, தோற்கிறவனுக்கு ஒருத்தனாவது வேண்டாமா? ஆக, நான் கை தட்டுவதால் அவர்கள் தோற்பதில்லை, தோற்கப்போகிறவர்களாகப் பார்த்துத்தான் நான் கை தட்டுகிறேன். எவ்வளவு தெளிவான வாதம்! ஊரில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் ஃபைனலுக்கு முந்தைய நாள் ஷபீர் பாய் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். பெங்களூரில் அவருடைய அண்ணன் சோபா மெத்தை செய்யும் பட்டறை ஆரம்பித்திருந்தார். ரம்ஜான் முடிந்ததும் குடும்பத்தோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டார், மறுபேச்சு கிடையாது. பாய் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மீசையிலிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“இதாங்க சார் எனக்குக் கடைசி. கப்பு வாங்காம போனேன்னா, அங்க ஒவ்வொரு மெத்தை தைக்கிறப்பவும் இதே நெனப்புதான் குத்தும். நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா... அந்தப் பக்கம் போயி உக்காருங்களேன்.”

கோபம் வர வேண்டிய இடம். எனக்கு வந்ததோ அழுகை மாதிரி ஏதோ ஒன்று. “உக்காருறேன் பாய்” என்றேன்.

ஃபைனலுக்கு எதிரே வந்தது சேலத்திலிருந்து ஒரு ஆலையின் அணி. விளையாடுவதற்காகவே வேலை கொடுத்து வைத்திருந்த ஆட்கள். வெள்ளை ஷூ, வெள்ளை பனியன், ஆளுக்கு இரண்டு மட்டை. அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் மட்டைப் பைகளைச் சுமக்கவும் தொந்தி வைத்த ஒரு பெரியவர் கூட வந்திருந்தார். ‘மாமா’ என்று கூப்பிட்டார்கள். ஆறாவது ஆட்டக்காரர் என்று அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள், யாரையாவது எழுத வேண்டுமே என்று.

அக்காவிடம் தனியாக ஒரு வியூகம் இருந்தது. வந்தவர்களுக்கு மத்தியானம் களியும் கறிக்குழம்பும் போட்டு அசத்திவிட்டால் சாயங்காலம் ஓட முடியாது அல்லவா? ஆலைக்காரர்கள் விவரமானவர்கள், ரொட்டியும் வாழைப்பழமும் போதும் என்று எழுந்துவிட்டார்கள். மாமா மட்டும் உட்கார்ந்து இரண்டு உருண்டை களியை இறக்கிவிட்டு, “எங்கம்மா கை பக்குவம்ங்க” என்று கண் கலங்கினார். தண்ணீர் தூக்குகிறவருக்குப் போட்டு என்ன பிரயோஜனம் என்று அக்கா நொந்துகொண்டார்.

சாயங்காலம் ஆட்டத்துக்கு முன் கைப்பழக்கத்துக்கு ஆடியபோது, ஆலை அணியில் நடுவில் நிற்கும் சென்டர் ஆட்டக்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வேறு வழியில்லை, மாமாவை இறக்கினார்கள். யாரோ கொடுத்த பனியன் அவருக்குத் தொந்திவரைக்கும்தான் வந்தது. ஊரே சிரித்தது. நான் ஆலைக்காரர்களின் பைகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன்.

முதல் கேம் போயிற்று. மாமா தடுமாறினாலும் மற்ற நால்வரே ஐந்து பேருக்கும் சேர்த்து ஆடிவிட்டார்கள். நானும் கடமைக்குக் கை தட்டினேன். இடைவேளையில் ஷபீர் பாய் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னிடம் வந்தார்.

“சார், கையை மட்டும் தட்டுறீங்க. மனசு எங்ககிட்டயே இருக்குது. அது செல்லாதுங்க.”

ஆகா, எப்பேர்ப்பட்ட கஷ்டம் பாருங்கள். எதிரணியை மனசார நேசிக்க வேண்டுமாம். வெள்ளை ஷூக்களில் யாரை நேசிப்பது என்று பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டார் மாமா. இரண்டாவது கேமில் நம்மவர்கள் பந்தையெல்லாம் அவர் மேலேயே போட்டார்கள். அவர் விடவிட, அவருடைய ஆட்களே “ஒதுங்கு மாமா, ஒதுங்கு!” என்று திட்டினார்கள். ஒரு பந்துக்குக்கூட அவர் ஒதுங்கவில்லை. அந்தக் களியோடு ஒவ்வொன்றுக்கும் ஓடினார். கேம் நமக்கு வந்தது. என் கண் மட்டும் மாமாவை விட்டு நகரவில்லை.

மூன்றாவது கேமில் மாமா கடன் வாங்கிய ஷூவைக் கழற்றி வீசினார். அதன் பிறகு நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. ஷபீர் பாய் ஓங்கி அடித்த பந்தை மாமா மட்டையை மெல்லச் சாய்த்து வலைக்கு அந்தப்புறம் பூப்போல இறக்கினார். அடுத்ததையும் இறக்கினார். எப்போதோ ஒரு காலத்தில் ஆடியிருக்கிறார் மனிதர்! ஸ்கோர் ஏறி ஏறி இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தது. நான் எழுந்து நின்று “விடாதீங்க சென்டர்! விடாதீங்க!” என்று கத்திக்கொண்டிருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். எதிரே சரோஜாக்கா துள்ளிக் குதித்தார்.

“சாரு நெசமாவே கத்துறாருடா! இனி கப்பு நமக்குத்தான்!”

ஊரே என்னைப் பார்த்துக் கை தட்டியது. ஷபீர் பாய் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார், பிறகு சர்வீஸ் போட்டார். அதுவரை தயங்கித் தயங்கி ஆடிய மனிதர் அதன் பிறகு தயங்கவே இல்லை. கடைசிப் பாயிண்டில் பந்து மேலே போனது. தீர்த்தமலைப் பக்கமிருந்து வந்த காற்று அதைக் கொஞ்சம் தள்ளியது. மாமா முன்னால் பாய்ந்தார். பந்து மட்டையின் கட்டையில் பட்டு வலையில் விழுந்தது.

பாயைத் தூக்கினார்கள். என்னையும் தூக்கினார்கள். பதவி உயர்வு கிடைத்தபோதுகூட என்னை யாரும் தூக்கியதில்லை. ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்ட அந்த நேரத்தில் யாரோ ஒருவரின் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு நான் மட்டும் வருத்தப்பட்டேன். மாமா வலைக்கடியில் குனிந்து, பிரிந்துபோன நூலைப் பந்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவரே என்னைத் தேடி வந்தார். “தம்பி சேலமா?”

“இல்லீங்க, இந்த ஊருதான்.”

“இந்த ஊரா? அப்புறம் எனக்கு எதுக்குக் கத்துனீங்க?”

உட்கார வைத்த கதையைச் சொல்ல வாய் வரவில்லை. “நீங்க ஆடுனது புடிச்சிருந்துச்சுங்க” என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் மாமாவாக இருந்த மனிதரிடம், உங்கள் பெயர் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பல வருடங்கள் கழித்து பெங்களூரில் ஷபீர் பாயின் கடையைத் தேடிப் போனேன். கோப்பை சோபாத் துணிகளுக்கு மேலே பளபளவென்று இருந்தது. “நீங்க நல்லா ஆடினீங்க, அதான் ஜெயிச்சீங்க பாய்” என்று கடைசியாக ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். “நல்லா எல்லா வருசமும்தான் ஆடுனோம்” என்றார். அவரும் போய்விட்டார், சரோஜாக்காவும் போய்விட்டார். மைதானம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகளும் ஒரு துணிக்கடையும் இருக்கின்றன. அரூரில் மஞ்சள் கம்பளிப் பந்து கேட்டால் கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இப்போது டி.வி.யில் எத்தனையோ ஆட்டம் பார்க்கிறேன். கடைசி ஓவர், கடைசிப் பந்து, எல்லாம் உண்டு. தோற்கிறவர்களுக்காகத் தனியாக உட்கார்ந்து கத்துகிறேன், அவர்கள் சில சமயம் ஜெயித்தும் விடுகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இந்தப் பாவிப்பயல் கை தட்டினால் ஆட்டமே மாறும் என்று நம்பி, என்னைத் தேடி வந்து, அந்தப் பக்கம் உட்காருங்கள் என்று கெஞ்ச ஒரு மனிதர் இல்லை.