திட்டில் கேட்ட பழைய சொல்

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் இன்று காலை படகில்தான் எங்கள் திட்டுக்குப் போனேன். நடுவாற்றில் கிடக்கும் ஊர். நடவுக்கு வந்த வங்காளத்து ஆட்களும் தண்ணீர் வடியும்வரை அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொழுது போகாமல் தமிழ் பழகுகிறார்களாம்.

அப்பாவோடு வரப்பில் நின்றேன். அவர்களில் ஒருவரான சுபல் நாற்றுக்கட்டோடு வந்து கேட்டார்:

"ஆண்டே, நாத்து போதுமா?"

ஒரு காலத்தில் பண்ணையாட்கள் மிராசுதாரைக் கூப்பிட்ட சொல் அது. எங்கள் சனம் கொடி பிடித்து, அடிபட்டு ஒழித்த சொல்.

அப்பாவின் கை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தது. பிறகு யாரோ வருவதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அங்கே யாருமில்லை. வயல் எங்களுடையது.

"யாருப்பா இவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான். வயலுக்காரர எப்படிக் கூப்பிடுறதுன்னு கேட்டாரு. சின்ன வயசுல நான் எப்படிக் கூப்பிட்டேனோ அதைச் சொன்னேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

சுபலிடம், "பெரியப்பான்னு கூப்பிடுங்க" என்றேன். உடனே மாற்றிக்கொண்டார். கெட்டிக்காரர்.

மதியம் படகேறும்போது பார்த்தேன். "பெரியப்பா, பெரியப்பா" என்று சுபல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா திரும்பவில்லை. துண்டு இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.

உங்கள் வயலில் நடவுக்கு வந்தவர்கள் உங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? நம் தமிழில் எதை முதலில் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.